ஒலி 96.8 வீட்டில் தெளிவாகக் கேட்க: பழைய செட்டுக்கும் புதிய செயலிக்கும் வழி

சிங்கப்பூரின் தமிழ் வானொலி ஒலி 96.8ஐக் கேட்பவர்களுக்கு முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடுகிறேன். 2019 பிறந்தபோது இங்கே பழைய முறைத் தொலைக்காட்சி ஒளிபரப்பை நிறுத்தினார்கள். மின்னிலக்கப் பெட்டி வாங்காத வீடுகளில் திரையில் வெறும் புள்ளிதான் ஓடியது. அன்றிலிருந்து, அடுத்தது வானொலிதான் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய பேர். நார்வே 2017இல் தன் தேசிய நிலையங்களின் எஃப்எம் ஒலிபரப்பை நிறுத்தியது. சுவிட்சர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனம் 2024 முடிவில் அதையே செய்தது. இந்தச் செய்திகள் வாட்ஸ்அப்பில் ஊர் பெயரை உதிர்த்துவிட்டுச் சுற்றும்போது, "எஃப்எம்மை மூடுறாங்களாம்" என்பது மட்டும் மிஞ்சுகிறது. உடனே அத்தைமார்கள் செட்டைத் தூக்கிக்கொண்டு கீழ்த்தளத்துக் குப்பைத் தொட்டிப் பக்கம் போய்விடுகிறார்கள்.

போகாதீர்கள். சிங்கப்பூரில் எஃப்எம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஒலி 96.8 அதே 96.8இல்தான் இருக்கிறது. கூடவே இணையத்திலும் வருகிறது.

நான் சிம் லிம் டவரில் ஒரு ரிப்பேர் கடையில் வெகுகாலம் வேலை பார்த்தவன். டிரான்சிஸ்டர், கேசட் ரெக்கார்டர், கார் செட் எல்லாம் என் கைக்கு வந்து போயிருக்கின்றன. இப்போது ஓய்வு. ஈசூனில் எங்கள் புளோக்கில் இன்னும் என்னைத் தேடி வருகிறார்கள், ஆனால் கையில் இருப்பது செட் இல்லை, கைத்தொலைபேசி. "மாமா, இதில ரேடியோ நின்னு நின்னு போகுது, பாருங்களேன்." ஒவ்வொருவரிடமும் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன். அப்புறம் லிங்க் அனுப்பினால் போதும் அல்லவா.

ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம். ஒரே நிகழ்ச்சி இரண்டு வழியாக உங்கள் வீட்டுக்கு வருகிறது. அலை வழியாக வருவது உடனே வரும், காசு இல்லை, இணையம் போனாலும் நிற்காது. ஆனால் எல்லை தாண்டினால் மங்கும், தவறவிட்டால் போனது போனதுதான். இணையம் வழியாக வருவது கொஞ்சம் பிந்தி வரும், டேட்டா தின்னும். ஆனால் நேற்று விட்டதை இன்று கேட்கலாம், வேறு ஊரில் இருக்கும் தமிழ் நிலையங்களையும் அதே கருவியில் கேட்கலாம். எந்த வேலைக்கு எது என்று தெரியாமல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் திட்டுவதுதான் பெரும்பாலான புகார்களின் காரணம்.

அலையில் கேட்பவர்களுக்கு

96.8க்கு இரண்டு பக்கமும் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு பக்கம் 96.3, மறு பக்கம் 97.2. இரண்டும் சீன நிலையங்கள். முள் நகரும் பழைய டயல் செட்டில், விரல் சற்று அசைந்தாலே பாட்டின் நடுவே மாண்டரின் வந்து உட்கார்ந்துகொள்ளும். செட் சூடானால் முள் இருக்கும் இடத்திலேயே அலைவரிசை கொஞ்சம் நகர்வதும் உண்டு. பார்வை மங்கிய பெரியவர்களுக்குப் புது செட் வாங்குவதாக இருந்தால், எண்ணைக் காட்டுகிற, பொத்தானில் நிலையத்தைச் சேமிக்கிற வகையாகப் பாருங்கள். முதல் பொத்தானில் 96.8ஐப் பதித்து, மேலே ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். அவ்வளவுதான். அழகுக்காகப் பழங்கால மரப்பெட்டி மாதிரி செய்து விற்கிறார்களே, அவற்றில் பலவற்றின் உள்ளே இருப்பது மலிவான சில்லு. பெட்டிக்குத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள்.

ஏரியல் விஷயத்தில் கணக்கு ஒன்று உண்டு. 96.8 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 3.1 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது ஏறக்குறைய 77 சென்டிமீட்டர் நீளமுள்ள கம்பிதான் நன்றாகப் பிடிக்கும். உடைந்த ஏரியலுக்குப் பதில் அந்த அளவில் ஒரு சாதாரண வயரை வெட்டி, ஏரியல் இருந்த திருகில் சுற்றி, மறுமுனையை ஜன்னல் ஓரமாகத் தொங்கவிட்டால் போதும். ஜன்னலுக்கு வெளியே மட்டும் வேண்டாம். ஏதாவது கீழே விழுந்தால் வீவக அடுக்குமாடி வீட்டில் அது சின்ன விஷயமில்லை.

நம் வீடுகள் சிமெண்டும் இரும்புக் கம்பியும். செட்டை வரவேற்பறையின் உள்மூலையில் வைத்தால் அலை சுவரோடு நின்றுவிடும். ஜன்னல் பக்கம் ஒரு அடி நகர்த்துங்கள். திசையை மாற்றிப் பாருங்கள், நிமிர்த்தியும் சாய்த்தும் பாருங்கள். இன்னொரு எதிரி உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. சமையலறையில் மட்டும் ரேடியோ கரகரக்கிறது என்றால், எல்இடி விளக்கை அணைத்துப் பாருங்கள், மலிவான ஃபோன் சார்ஜரைப் பிளக்கிலிருந்து பிடுங்கிப் பாருங்கள். எத்தனையோ "கெட்டுப்போன" செட்டுகள் சார்ஜரை மாற்றியதும் பிழைத்திருக்கின்றன. செட்டில் ஸ்டீரியோ, மோனோ என்று ஒரு சுவிட்ச் இருந்தால் மோனோவில் வையுங்கள். ஸ்டீரியோவுக்குப் பலமான அலை வேண்டும், மோனோவுக்குக் குறைவே போதும். இரைச்சல் சட்டென்று அடங்கும். செய்தியும் பேச்சும் கேட்க ஸ்டீரியோ எதற்கு?

உட்லண்ட்ஸ், செம்பவாங் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு போனஸ்: ஜோகூரிலிருந்து மலேசியத் தமிழ் நிலையங்களும் காற்றிலேயே வந்து சேரும். அதுவே சில நேரம் தொல்லையும்கூட, தானாகத் தேடும் செட் வேறு எங்காவது போய் நின்றுவிடும். சேமித்த பொத்தானை மட்டும் பயன்படுத்துங்கள்.

பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன செட்டையாவது வீட்டில் வைத்திருங்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 15, முழுமைத் தற்காப்பு நாளில், மாலை 6.20க்கு தீவு முழுக்க அபாயச் சங்கு ஒலிக்கிறதே, 1942இல் சிங்கப்பூர் சரணடைந்த அந்த நேரத்தில்? "முக்கியச் செய்தி" என்று பெயர் வைத்த அந்தச் சங்கொலி கேட்டால் வானொலியையோ தொலைக்காட்சியையோ போட்டுக் கேட்கச் சொல்லித்தான் குடிமைத் தற்காப்புப் படை நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. மின்சாரமும் வைஃபையும் சேர்ந்து போகிற நாளில் எந்தச் செயலியும் உதவாது. சுரங்கச் சாலையிலும் எஃப்எம்தான் கைகொடுக்கும். காலாங்-பாய லேபார் விரைவுச்சாலை போன்ற நீளமான சுரங்கங்களுக்குள் எஃப்எம் கேட்பதற்கு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். உள்ளே விபத்து, தீ என்றால் வானொலியில் வரும் அறிவிப்பைக் கேட்டு நடந்துகொள்ள வேண்டும்.

பெட்டியின் மேல் "டிஏபி" என்று போட்டிருந்தால்

இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். இணையக் கடைகளில் பிரிட்டனுக்குப் போகிற அழகான செட்டுகள் மலிவாகக் கிடைக்கின்றன. "டிஏபி டிஜிட்டல் ரேடியோ" என்று பெரிதாக எழுதியிருக்கும். டிஏபி என்பது எஃப்எம் மாதிரியே காற்றில் வருவது, ஆனால் மின்னிலக்க முறையில் அனுப்புவது. டிஜிட்டல் என்றால் நல்லது என்று பிள்ளைகள் அப்பாவுக்கு வாங்கி அனுப்புகிறார்கள். அப்பா போட்டுப் பார்த்தால் ஒரு நிலையமும் வராது. வராது, ஏனென்றால் சிங்கப்பூரில் டிஏபி ஒலிபரப்பு இப்போது இல்லை.

இருந்தது. 1999இல் "ஸ்மார்ட்ரேடியோ" என்ற பெயரில் இங்கே தொடங்கினார்கள். குறுந்தகடு மாதிரித் துல்லியம் என்று பேச்சு. கடையில் எங்களுக்கும் ஒரே பரபரப்பு, இனி டயல் செட் எல்லாம் காயலான் கடைக்குத்தான் என்று பேசிக்கொண்டோம். ஆனால் செட்டின் விலை சாதாரண எஃப்எம் செட்டைவிடப் பல மடங்கு. கார்களில் அது வரவில்லை. எஃப்எம்மே இந்தச் சின்ன தீவில் ஓரளவு நன்றாகக் கேட்கிறபோது கூடுதல் துல்லியத்துக்கு யார் காசு கொடுப்பார்கள்? அதற்குள் கைத்தொலைபேசியில் இணையம் வந்துவிட்டது. 2011 டிசம்பரில் டிஏபியை நிறுத்தினார்கள். நார்வேக்காரர்கள் எஃப்எம்மை விட்டு டிஏபிக்குப் போனார்கள், நாம் டிஏபியை விட்டு இணையத்துக்குப் போனோம். என் கருத்தில் நாம் செய்தது நம் ஊருக்குச் சரி. மலையும் பனியும் சூழ்ந்த நீண்ட நாட்டின் கணக்கு வேறு, ஒரு மணி நேரத்தில் குறுக்கே ஓட்டிவிடக்கூடிய தீவின் கணக்கு வேறு.

அந்த டிஏபி செட் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் தூக்கிப்போட வேண்டாம். அதில் பெரும்பாலும் எஃப்எம்மும் இருக்கும். "மோட்" அல்லது "பேண்ட்" பொத்தானை அழுத்தி எஃப்எம்முக்கு மாற்றினால் 96.8 வந்துவிடும்.

காரில்

முன்பெல்லாம் கார் ரேடியோவுக்கே ஆண்டுக்கு 27 வெள்ளி உரிமக் கட்டணம் கட்டினோம், நினைவிருக்கிறதா? 2011இல் அதையும் தொலைக்காட்சிக் கட்டணத்தையும் சேர்த்து ரத்து செய்தார்கள். இப்போது காரில் கேட்பதற்குச் செலவு பெட்ரோல் மட்டும்தான்.

ஆனால் ஜப்பானிலிருந்து நேராக இறக்கிய கார் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். ஜப்பானில் எஃப்எம் வரிசை 76இல் தொடங்கி 90 வரைதான், இப்போது 95 வரை நீட்டியிருக்கிறார்கள். அந்தச் செட்டில் 96.8 எட்டாது. வண்டியை விற்கும் கடைகள் இதற்காக ஏரியல் வயரில் "பேண்ட் எக்ஸ்பேண்டர்" என்று தீப்பெட்டி அளவில் ஒன்றைச் செருகிவிடுவார்கள். அது வரும் அலையைக் கீழே இறக்கித் தரும். 12 மெகாஹெர்ட்ஸ் இறக்கும் வகை என்றால் 96.8ஐக் கேட்க நீங்கள் 84.8இல் வைக்க வேண்டும். இந்தக் கழித்தலைச் சொல்லாமலே வண்டியைக் கொடுத்துவிடுகிறார்கள். அப்புறம் வாங்கியவர் ஒலி வரவில்லை என்று செட்டையே மாற்றப் போகிறார். பெட்டியின் மேல் எவ்வளவு இறக்கும் என்று அச்சிட்டிருக்கும், அதைப் பார்த்துக் கழித்துக்கொள்ளுங்கள்.

பழைய ஃபோனை ரேடியோவாக்குவது

இதுதான் அதிகம் கேட்கப்படும் வேலை, எனக்குப் பிடித்த வேலையும்கூட.

ஒலியை நடத்தும் மீடியாகார்ப் நிறுவனத்தின் எல்லா வானொலி நிலையங்களும் மீலிசன் (meLISTEN) செயலியில் இருக்கின்றன. நிகழ்ச்சிகளின் பாட்காஸ்ட் பதிவுகளும் அங்கேயே. புது ஃபோன் வாங்கித் தந்து இதை இறக்கிக் கொடுத்துவிட்டு, "அம்மாவுக்கு ரேடியோ வச்சுக் கொடுத்தாச்சு" என்று பிள்ளைகள் போய்விடுகிறார்கள். அம்மாவோ இரண்டாம் நாளே பழைய செட்டைத் தேடுகிறார். அம்மாவைக் குறை சொல்ல முடியாது. ரேடியோ செட்டில் ஒரே ஒரு குமிழ், திருகினால் பேசும். ஃபோனில் திரையைத் திறந்து, செயலியைத் தேடி, விளம்பரத்தைத் தள்ளி, நிலையத்தைத் தேர்ந்தெடுத்து, நடுவில் யாரோ அனுப்பிய காலை வணக்கப் பூவை மூடி, அப்புறம்தான் பாட்டு. ஃபோனை ரேடியோவாக்குவது என்றால் இந்த வேலைகளை எல்லாம் ஒரு குமிழ் அளவுக்குச் சுருக்குவதுதான்.

வீட்டில் எல்லாரிடமும் அலமாரியில் ஒரு பழைய ஆண்ட்ராய்டு ஃபோன் கிடக்கும். அதை எடுங்கள். முதலில் பின்பக்கம் உப்பியிருக்கிறதா என்று மேசையில் வைத்துப் பாருங்கள். மேசையில் படியாமல் ஆடினால் பேட்டரி வீங்கியிருக்கிறது, அந்த ஃபோன் வேண்டாம், மின்கழிவுத் தொட்டியில் போடுங்கள். நல்ல நிலையில் இருந்தால் எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து தொடங்குங்கள். சிம் அட்டை வேண்டாம். வீட்டு வைஃபை மட்டும் போதும். சிம் இல்லாவிட்டால் அழைப்பு வராது, மோசடிக் குறுஞ்செய்தியும் வராது, வயதானவர்களுக்கு அது ஒரு நிம்மதி. மீலிசனைத் தவிர மற்றதை எல்லாம் முதல் திரையிலிருந்து நீக்கிவிடுங்கள். அறிவிப்புகளை மொத்தமாக அணையுங்கள்.

அடுத்தது, யாரும் செய்யாத படி. பத்தில் ஒன்பது "நின்னு நின்னு போகுது" புகாருக்குக் காரணம் இணையம் இல்லை, ஃபோனின் பேட்டரி சிக்கனம். திரை அணைந்ததும் ஃபோன், "இந்தச் செயலியை யாரும் பார்க்கவில்லை" என்று நினைத்துக்கொண்டு அதைத் தூங்க வைத்துவிடும். செட்டிங்ஸுக்குப் போங்கள், ஆப்ஸ், மீலிசன், பேட்டரி. அங்கே "அன்ரெஸ்ட்ரிக்டட்" என்று ஒரு தேர்வு இருக்கும், அதைத் தொடுங்கள். சில சீனத் தயாரிப்புகளில் இதோடு சேர்த்து "ஆட்டோ ஸ்டார்ட்" என்று இன்னொரு சுவிட்சும் இருக்கும், அதையும் திறந்துவிடுங்கள். திரையை அணைத்துவிட்டுப் போய்க் காப்பி கலக்கிக் குடித்துவிட்டு வாருங்கள். இன்னும் பாடிக்கொண்டிருந்தால் வெற்றி.

கை தவறி வேறு எங்காவது போய்விடுவார்கள் என்ற பயம் இருந்தால், ஆண்ட்ராய்டில் "ஆப் பின்னிங்", ஐஃபோனில் "கைடட் ஆக்சஸ்" என்ற வசதி இருக்கிறது. போட்டுவிட்டால் அந்தச் செயலியைவிட்டு வெளியே போக முடியாது. சத்தத்துக்கு ஒரு புளூடூத் ஸ்பீக்கர். வாங்கும்போது உண்மையான திருகு குமிழ் உள்ளதாகப் பாருங்கள், அதுதான் பாட்டியின் விரலுக்குப் பழக்கம். பத்துப் பதினைந்து நிமிடம் சத்தம் வராவிட்டால் தானாக அணைந்துவிடும் ஸ்பீக்கர்கள் உண்டு, கடையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சாதாரண வயர் செருகும் ஸ்பீக்கர் கிடைத்தால் இன்னும் நல்லது, இணைப்பு அறுந்தது என்ற பேச்சே வராது.

கடைசியாக, செயலி தானாகப் புதுப்பித்துக்கொள்வதை நிறுத்திவையுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீங்கள் போகும்போது புதுப்பித்தால் போதும். ஒரு நாள் காலை எழுந்து பார்த்தால் பொத்தான் இடம் மாறியிருக்கும், தாத்தா ஃபோன் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடுவார். செயலி செய்கிறவர்களுக்கு எழுபது வயதில் பொத்தான் இடம் மாறுவது எப்படி இருக்கும் என்று எவராவது சொன்னால் தேவலை.

இதையெல்லாம் செய்ய யாரும் வீட்டில் இல்லை என்றால், சமூக மன்றங்களில் மின்னிலக்கத் தூதர்கள் இருக்கிறார்கள். 2020இலிருந்து மூத்தோருக்கு ஃபோன் பழக்குவதே அவர்கள் வேலை. நேரம் விசாரித்துக்கொண்டு ஃபோனோடு போங்கள்.

ஏன் ஃபோனில் பிந்தி வருகிறது

அடுக்களையில் எஃப்எம் செட், வரவேற்பறையில் செயலி, இரண்டும் ஒரே நேரம் ஓடினால் வீட்டில் பேய் பேசுகிற மாதிரி இருக்கும். செய்தி வாசிப்பவர் அங்கே முடித்த வரியை இங்கே அப்போதுதான் தொடங்குவார். எதுவும் கெடவில்லை. அலையில் ஒலி அப்படியே பறந்து வருகிறது. இணையத்திலோ, ஒலியைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி, கணினியில் ஏற்றி, உங்கள் ஃபோன் அதில் சில துண்டுகளைச் சேர்த்துவைத்துக்கொண்ட பிறகுதான் முதல் துண்டைப் பாட ஆரம்பிக்கிறது. நடுவில் வைஃபை கொஞ்சம் தடுமாறினாலும் பாட்டு அறுந்துவிடக் கூடாது என்பதற்காக இந்த முன்சேமிப்பு. அதனால் அரை நிமிடம் வரைகூடப் பிந்தலாம்.

பாட்டு கேட்பவருக்கு அரை நிமிடம் ஒன்றுமில்லை. ஆனால் மூன்று இடங்களில் இது பெரிய விஷயம். வானொலி நேரத்தை வைத்துக் கடிகாரம் திருத்துகிறவர்கள் எஃப்எம்மில்தான் கேட்க வேண்டும். புதிர்ப் போட்டியில் முதலில் அழைப்பவருக்குப் பரிசு என்றால், செயலியில் கேட்டுக்கொண்டிருப்பவர் எண்ணை அழுத்துவதற்குள் வேறொருவர் பரிசோடு போய்விடுவார். அங்கேயும் எஃப்எம். மூன்றாவது, நேரலையில் பேசுகிறவர்கள். அறிவிப்பாளர், "உங்க ரேடியோ சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுக்குங்க" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். செயலியைத் திறந்து வைத்தபடி பேசினால், நீங்கள் அரை நிமிடத்துக்கு முன் சொன்னதே உங்கள் காதில் விழுந்து குழப்பும். குறைப்பது போதாது, முழுக்க நிறுத்திவிட்டு ஃபோனில் வரும் குரலை மட்டும் கேட்டுப் பேசுங்கள்.

நிலையத்தின் பக்கமும் மாற்றம் நிறைய. ஒலியை ஒலிக்களஞ்சியம் என்று நாங்கள் அழைத்த காலத்தில், விரும்பிய பாடலுக்கு அஞ்சலட்டை எழுதிப் போட்டுவிட்டு, தன் பெயர் வருமா என்று குடும்பமே காத்திருக்கும். 1937இல் திறந்த கால்டெகாட் ஹில் நிலையத்தின் முகவரி, ஆண்ட்ரூ ரோடு, எங்களுக்கு மனப்பாடம். மீடியாகார்ப் ஒன்-நார்த் வட்டாரத்துக்கு இடம் மாறிவிட்டது, அஞ்சலட்டை வாட்ஸ்அப்பாக மாறிவிட்டது, குரல் மட்டும் தெரிந்த அறிவிப்பாளர்கள் முகத்தோடு ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டகிராமிலும் வருகிறார்கள். முகம் தெரியாத காலம்தான் எனக்குப் பிடித்திருந்தது. அது என் வயசு. என் பேத்திக்கு முகம் தெரியாத குரலே விநோதம்.

டேட்டா, தங்குவிடுதி, லாரி

வெளிநாட்டு ஊழியத் தம்பிகளுக்கு இந்தப் பகுதி. இணையத்தில் ரேடியோ கேட்டால் டேட்டா தீர்ந்துவிடும் என்ற பயம் பாதிதான் உண்மை. நொடிக்கு 128 கிலோபிட் வேகத்தில் வரும் ஒலி ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 58 எம்பி தின்னும். தினம் 4 மணி நேரம் என்றால் மாதத்துக்கு 7 ஜிபிக்குப் பக்கம். 64 கிலோபிட் என்றால் அதில் பாதி. வீடியோ பார்ப்பதோடு ஒப்பிட்டால் இது கொசுறு. செயலியில் ஒலித் தரத்தைக் குறைக்கும் தேர்வு இருந்தால் குறைத்துக்கொள்ளுங்கள், பேச்சு நிகழ்ச்சிக்கு வித்தியாசமே தெரியாது. பாட்காஸ்ட்டை இறக்கிவைக்க முடிந்தால் விடுதியின் வைஃபையில் இரவே இறக்கி, மறுநாள் லாரியில் கேளுங்கள்.

டேட்டாவே வேண்டாம் என்றால் இன்னும் நல்ல வழி இருக்கிறது. பொத்தான் வைத்த மலிவு ஃபோன்களிலும் சில ஆண்ட்ராய்டு ஃபோன்களிலும் எஃப்எம் உள்ளேயே இருக்கிறது. பெரும்பாலானவற்றில் காதில் மாட்டும் வயர்தான் அதற்கு ஏரியல், அதனால் வயர் உள்ள இயர்ஃபோன் வேண்டும். புளூடூத் இயர்ஃபோன் மட்டும் வைத்துக்கொண்டு "ஃபோனில் எஃப்எம் வேலை செய்யல" என்று சொல்லாதீர்கள். ஐஃபோனில் இந்த வசதி இல்லை.

ஊர் வானொலி கேட்க அகில இந்திய வானொலியின் நியூஸ் ஆன் ஏர் செயலி இருக்கிறது, சென்னை நிலையமும் அதில் வரும். மலேசியாவின் மின்னல் எஃப்எம் நிலையம் ஆர்டிஎம் கிளிக் செயலியிலும், ராகா நிலையம் சியோக் செயலியிலும் வரும். பிபிசி தமிழோசைக்காகச் சிற்றலை செட் தேடி இன்னும் சில பெரியவர்கள் கடைகளில் கேட்கிறார்கள். 1941இல் தொடங்கிய அந்த ஒலிபரப்பு 2017இல் நின்றுவிட்டது, பிபிசி தமிழை இனி இணையத்தில்தான் பார்க்க வேண்டும். அதற்காக மட்டும் சிற்றலை செட் வாங்க வேண்டாம்.

அலமாரியில் உள்ள கேசட்டுகள்

வானொலி நாடகத்தையும் தீபாவளிச் சிறப்பு நிகழ்ச்சியையும் கேசட்டில் பதிந்து வைத்தவர்கள் நம்மில் உண்டு. நம் ஊரின் ஈரத்தில் நாடா பூசணம் பிடிக்கும். வெள்ளைத் தூள் தெரிந்தால் ஓடவிடாதீர்கள், இயந்திரத்தின் தலையிலும் அது ஒட்டி அடுத்த கேசட்டையும் கெடுக்கும். சுத்தமாக இருப்பதை முதலில் ஒருமுறை முழுக்க முன்னும் பின்னும் சுற்றிவிடுங்கள், ஒட்டிக்கொண்ட சுற்றுகள் விடுபடும். பிளேயரின் தலையைச் சுத்தமான ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். இயர்ஃபோன் துளையிலிருந்து ஒரு வயர், யூஎஸ்பி ஒலிப் பெட்டி வழியாகக் கணினிக்கு. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். பதியும்போது அளவுகோல் சிவப்பைத் தொடக் கூடாது, தொட்டால் அந்தக் கிழிசலை அப்புறம் தைக்க முடியாது. ஒரு பக்கம் 30 நிமிடம் என்றால் பதியவும் 30 நிமிடம்தான், அவசரப்பட வழியில்லை.

இரைச்சலை நீக்குகிறேன் என்று அதிகம் விளையாடாதீர்கள். முதலில் தொடாத பதிவை வேவ் வடிவில் சேமித்துவிட்டு, நகலில் மட்டும் கைவையுங்கள். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது கேசட் அட்டையில் எழுதியிருப்பதை அப்படியே போடுங்கள்: ஆண்டு, நிகழ்ச்சி, யார் குரல். அட்டையையும் ஒரு படம் எடுத்து அதே கோப்புறையில் வையுங்கள். ஒரு பிரதி வீட்டில், ஒரு பிரதி பிள்ளைகளில் ஒருவரிடம். பழைய ஒலிபரப்பில் உங்களிடம் இல்லாதது ஏதாவது வேண்டுமென்றால் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள். தமிழில் எடுத்த வாய்மொழி வரலாற்று நேர்காணல்களும் அங்கே இருக்கின்றன, சிலவற்றை வீட்டிலிருந்தே கேட்கலாம்.